தொட்டியில் கொத்தனார் நலம்

மிகுந்த மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் வாயால் சொல்ல, மாடி வீட்டு நர்ஸம்மா கையால் எழுதுவது. இங்கே நான் நலம். முழங்கால் வலி தவிர நர்ஸம்மாவும் நலம். மீன் தொட்டியில் உள்ளவர்கள் பெரும்பாலும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் சுகமாக இருப்பதையும், உங்கள் தலைமை அலுவலகத்துப் பயிற்சி தடங்கலில்லாமல் நடப்பதையும் அறிய ஆவல்.

போனை எடுக்கவில்லையே என்று மகள் பதறிக்கொண்டிருப்பாள். போன் அரிசிக்குள் இருக்கிறது. ஏன் அரிசிக்குள் இருக்கிறது என்பதை அதன் இடம் வரும்போது சொல்கிறேன். நர்ஸம்மாவின் போனில் பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பேசியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்ததும் மகள் உங்கள் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "சாப்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களாப்பா" என்று ஆரம்பித்துவிடுவாள். நான் சொல்ல வந்தது அந்தரத்தில் தொங்கும். கடிதம் என்றால் யாரும் குறுக்கே பேச முடியாது. கடைசி வரைக்கும் படித்துத்தான் ஆக வேண்டும்.

கிளம்புகிற அன்று பெட்டியும் கையுமாக வாசலில் நின்று நீங்கள் சொன்னது எனக்கு ஒரு சொல் பிசகாமல் நினைவிருக்கிறது. "மாமா, நாங்க வர்ற வரைக்கும் இந்தத் தொட்டிய ஒரு சேதாரமும் இல்லாம தனி ஆளா பாத்துக்கிட்டீங்கன்னா, உங்க வீட்டுச் சாவிய உங்ககிட்டயே குடுத்துடச் சொல்லி உங்க பொண்ணுகிட்ட நானே பேசுறேன். அப்புறம் முதியோர் இல்லங்கிற பேச்சே வராது." இப்படிச் சொல்லிவிட்டுக் குனிந்து வலது கால் ஷூவுக்கு நாடா கட்டினீர்கள். இடது கால் நாடா முன்பே கட்டியிருந்தது. லிப்டுக்குள் நின்றிருந்த மகள், "எதையும் மறந்துடாதீங்கப்பா" என்றாள். யாரைப் பார்த்து மறந்துவிடாதே என்கிறாள்? எழுதப் படிக்கத் தெரியாதவன் சைக்கிள் ஸ்டாண்டை எப்படி நடத்துவான் என்று கேட்டவர்கள் எல்லாம் பிறகு என்னிடமே வண்டியை விட்டுப் போனார்கள். டோக்கன் கிடையாது, சீட்டு கிடையாது. வண்டியைப் பார்ப்பேன், மூஞ்சியைப் பார்ப்பேன், அவ்வளவுதான். சாயங்காலம் அவர் தெருமுனையில் தலை காட்டும்போதே அவர் வண்டியை உருவி வெளியே நிறுத்தியிருப்பேன். ஹேண்டில்பாரில் கீறல், மணியில் நசுங்கல், சீட்டில் கிழிசல், இதுதான் நான் படித்த படிப்பு. ஒரே கம்பெனி, ஒரே நிறம், அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரே நாளில் வாங்கின வண்டி பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் எது அண்ணனுடையது என்று தடவிப் பார்த்தே சொல்லுவேன். ஸ்டாண்டை மூடுகிற வரைக்கும் ஒருத்தர் வண்டியை இன்னொருத்தருக்குக் கொடுத்துவிட்டேன் என்ற பேர் எனக்கு வந்ததில்லை. அடுப்பை அணைக்காமல் விட்டேன் என்பதுதான் என் மேல் மகள் போட்டிருக்கும் வழக்கு, அதைச் சொல்லித்தான் என் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு என்னை இங்கே கூட்டிவந்தாள். அன்றைக்கு என் வீட்டுக்கு வந்து பாலை அடுப்பில் ஏற்றியது யார், ஏற்றிவிட்டுப் பின்பக்கம் போனில் பேசப் போனது யார் என்று எனக்குத் தெரியும். நான் வெளியே சொல்லவில்லை. இந்தக் கடிதத்திலும் சொல்லப் போவதில்லை. அவளுக்கே நினைவு வரட்டும்.

தொட்டி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கிரேஃபிஷ் என்று சொல்கிற அந்த நீல நிறத்து ஆள், எனக்கு என்னவோ நண்டு வீட்டுக் கொடுக்கை இரவல் வாங்கி மாட்டிக்கொண்ட இறால் மாதிரிதான் தெரிகிறது. பொழுதன்றைக்கும் கூழாங்கல்லைத் தூக்கி ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குக் கொண்டுபோய் அடுக்குவதால் கொத்தனார் என்று பேர் வைத்திருக்கிறேன். நீங்கள் சொன்னபடிதான் எல்லாம் நடந்தது. முதலில் மேலே நீந்துகிற சின்ன மீன்களுக்குத் தூள் தீனி. விளக்கை அணைத்தபின் கொத்தனாருக்கு அடியில் போய் விழுகிற குண்டுத் தீனி. "அவனப் பசியோட விடாதீங்க மாமா, பசிச்சா பக்கத்துல இருக்கிறவனப் பாப்பான்" என்றீர்கள், பசியோடு விடவில்லை. "மூடி எப்பவும் மூடியிருக்கணும்" என்றீர்கள், மூடி மேல் அம்மிக் குழவி அளவுக்கு ஒரு கல்லும் வைத்தேன். அடியில் மெதுவாகத் திரிகிறவர்கள் கொத்தனார் கண்ணில் படக் கூடாது என்றீர்கள். அதை அடியில் திரிகிறவர்களிடம் யார் சொல்வது என்று நீங்கள் சொல்லவில்லை. நத்தையை நீங்கள் கணக்கில் வைத்திருந்தீர்களா என்று தெரியவில்லை. வைத்திருந்தால், அதன் ஓடு ஒரு சேதாரமும் இல்லாமல் பத்திரமாக இருக்கிறது. செடிகள் எல்லாம் அடியோடு ஒட்ட வெட்டப்பட்டிருக்கின்றன. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது.

அடுத்தது அந்த நீள வால் மீன். பட்டு வேட்டி மாதிரி வாலை இழுத்துக்கொண்டு திரிகிறதே, உங்களுக்கு உயிரான மீன், நான் அதைப் புதுமாப்பிள்ளை என்று கூப்பிடுகிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். அது பகலெல்லாம் மேலே சுற்றிவிட்டு, இருட்டினால் நேராகக் கொத்தனார் வீட்டு வாசலில் வந்து படுக்கும். ஒரு நாள் காலையில் பார்த்தால் வேட்டி முழங்கால் அளவுக்கு வந்துவிட்டது. நர்ஸம்மா உடனே நீல பாட்டில் மருந்தை எடுத்து வந்து தொட்டியில் ஊற்றப் போனார்கள். நான் கையைப் பிடித்துவிட்டேன். "அந்த மருந்து கொத்தனாருக்கு ஆகாதும்மா, அதுல இருக்கிற செம்பு அவனக் கொன்னுடும்னு மாப்பிள்ளை சொல்லியிருக்கார்" என்றேன். இது எனக்கு நினைவில் இருந்தது என்பதை மகளிடம் தனியாகச் சொல்லவும். ஆகையால் புதுமாப்பிள்ளையை மட்டும் எடுத்துச் சர்க்கரை ஜாடியில் விட்டு, அதில் மருந்து கலந்தோம். சர்க்கரை பருப்பு டப்பாவில் இருக்கிறது. பருப்பு பிளாஸ்கில் இருக்கிறது. வந்ததும் எதைத் தேடினாலும் நேரே திறந்துவிடாமல் முதலில் என்னைக் கேட்கவும், எல்லாம் எனக்கு மனப்பாடம். வால் வளர்ந்து வருகிறது.

இது நடந்த வாரமே கொத்தனார் வீட்டைவிட்டு வெளியேறினார். மூடியில் காற்றுக்குழாய் போக ஒரு சந்து விட்டிருக்கிறீர்களே, அந்தக் குழாயைப் பிடித்து ஏறி, அந்தச் சந்து வழியாக வெளியே வந்து, தொட்டி ஸ்டாண்டின் காலைப் பிடித்து இறங்கி, உங்கள் பழுப்பு ஷூவுக்குள் போய் வாலைச் சுருட்டிக்கொண்டு படுத்திருந்தார். நான் வீடு முழுக்கத் தேடி, கடைசியில் தெருவுக்குப் போய்த் தேடலாம் என்று காலை உள்ளே விட்டபோதுதான் தெரிந்தது. கடைக்குப் போவதற்கு உங்கள் ஷூவைப் போடுகிறேன் என்பது உங்களுக்கு இப்போதுதான் தெரியும் என்று நினைக்கிறேன். கால் பெருவிரல் வீக்கம் வடிந்துவிட்டது. சந்தை உங்கள் கறுப்பு சாக்ஸ் ஒன்றைச் சுருட்டி அடைத்திருக்கிறேன். இன்னொரு சாக்ஸ் பத்திரமாக இருக்கிறது.

இனி வருவதை உட்கார்ந்து படிக்கவும். ஒரு நாள் காலையில் விளக்கைப் போட்டால், கொத்தனார் நடுத்தொட்டியில் ஒருக்களித்துக் கிடக்கிறார். அசைவில்லை. நிறம் வெளுத்துவிட்டது. மீசை, கால், கண் எல்லாம் இருக்கிறது, ஆள் இல்லை. வலது கொடுக்கின் நுனி மூளி, நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள், அந்த மூளியும் அப்படியே இருந்தது, அதனால் ஆள் மாறாட்டம் என்றும் நினைக்க வழியில்லை. நர்ஸம்மாவைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேரைப் பார்த்தவர்கள். கரண்டியால் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "போயிட்டாருங்க. போய்க் கொஞ்ச நேரம் ஆயிருக்கு" என்றார்கள்.

இந்த இடத்தில் நர்ஸம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். "இதையெல்லாம் ஏங்க எழுதணும்?" என்கிறார்கள். நடந்ததைத்தானே எழுதுகிறோம், உங்கள் மேல் பழி போடவில்லை என்று சொல்லி, மறுபடி எடுக்க வைத்திருக்கிறேன். "அவ்வளவு லேசா இருக்கும்போதே எனக்குச் சந்தேகம் வந்துச்சுன்னு எழுதுங்க" என்கிறார்கள். எழுதியாயிற்று. அன்றைக்குச் சொல்லவில்லை.

பால்கனியில் கற்றாழைத் தொட்டியில் குழி தோண்டி அடக்கம் பண்ணினோம். மண்ணைத் தட்டிவிட்டு நிமிர்ந்தபோது எனக்குக் கொத்தனார் முகம் தெரியவில்லை மாப்பிள்ளை, என் வீட்டுச் சாவிதான் தெரிந்தது. மகள் அதைப் பீரோவில் நகைப்பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். மீன் கடைக்குப் போனேன். தொட்டி தொட்டியாகக் குனிந்து பார்த்து, அதே நீளம், அதே நீலம் உள்ள ஒருத்தரைத் தேர்ந்தெடுத்தேன். வலது கொடுக்கு மட்டும் முழுசாக இருந்தது. அது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது என்று தைரியம் பண்ணிக்கொண்டேன். கடைக்காரர் பையில் தண்ணீர் பிடித்துக்கொண்டே, "பெரியவரே, வீட்ல ஏற்கெனவே இது இருக்கா? ஒரு தொட்டிக்கு ஒண்ணுதான். ரெண்டு விட்டா கடைசியில ஒண்ணுதான் மிஞ்சும்" என்றார். "இருந்துச்சு. காலையிலதான் அடக்கம் பண்ணேன்" என்றேன். துக்கம் விசாரிக்கிற மாதிரித் தலையை ஆட்டிவிட்டுப் பையைக் கட்டிக் கொடுத்தார்.

கொண்டுவந்து விட்டேன். மறுநாள் சாயங்காலம் விளக்கை அணைத்துவிட்டுக் குண்டுத் தீனியைப் போட்டால், வலப்பக்கக் கல்லுக்கு அடியிலிருந்து ஒருத்தர் வருகிறார். நல்லது என்று நினைப்பதற்குள், இடப்பக்கக் குழாய்க்குள்ளிருந்து இன்னொருத்தர் வருகிறார். இரண்டு பேரும் ஒரே நீளம், ஒரே நீலம். போனில் இருக்கிற டார்ச்சைப் போட்டுக் குனிந்து கொடுக்கைப் பார்த்தேன். இருவருக்கும் மூளி இல்லை. அப்படியென்றால் இரண்டு பேரும் நம் ஆள் இல்லை. இன்னும் நன்றாகப் பார்க்கலாம் என்று இன்னும் குனிந்தேன். போன் தண்ணீருக்குள் விழுந்த இடம் இதுதான். விழுந்த பிறகும் டார்ச் எரிந்தது, அந்த வெளிச்சத்தில்தான் இரண்டு பேரும் கொடுக்கைக் கோர்த்துக்கொண்டு மல்லுக்கு நிற்பது தெளிவாகத் தெரிந்தது. வலையைப் போட்டுக் கைக்கு அகப்பட்டவரைத் தூக்கித் துணி ஊறவைக்கிற டப்பில் விட்டு, சப்பாத்திக் கட்டையால்—நர்ஸம்மா, அதை எழுத வேண்டாம், அந்த வரியை அடித்துவிடுங்கள்—மூடி போட்டு வைத்தேன்.

கடைக்காரர் ஞாபகப் பிசகாக ஒரே பையில் இரண்டைப் போட்டுவிட்டார் என்று முடிவு பண்ணி, பாவம், இந்த வயதிலேயே இப்படியா என்று காலையில் போய்ச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "உங்க பழைய ஆளு சாகல பெரியவரே. சட்டையக் கழட்டியிருக்கான். வளர வளர ஓடு பத்தாது, பழசக் கழட்டிப் போட்டுட்டு உள்ளேர்ந்து வெளிய வருவான். மெத்துனு இருக்கிறதால கொஞ்ச நாள் ஒளிஞ்சுக்குவான்" என்றார்.

"எங்காளுக்கு ஒரு கொடுக்குல நுனி கெடையாதே."

"அதுவும் புது ஓட்டுல வளர்ந்துடும். சரி, பழைய ஓட்ட என்ன பண்ணீங்க?"

"அடக்கம் பண்ணியாச்சு."

அவர் கொஞ்ச நேரம் தீனிப் பொட்டலங்களை அடுக்கினார். "தோண்டி எடுங்க. கழுவித் தொட்டியில போடுங்க. அதத் தின்னாத்தான் புது ஓடு சீக்கிரம் கெட்டிப்படும். ஒருத்தன இன்னைக்கே பிரிச்சுடுங்க. மெத்துனு இருக்கிறவன் உங்க ஆளு, தொட்டுப் பாத்தாத் தெரியும்."

மாப்பிள்ளை, நான் இதுவரை பல சாவுக்குப் போயிருக்கிறேன், புதைத்ததை மூன்றாம் நாள் தோண்டிக் குழாயடியில் கழுவியது இதுதான் முதல் தடவை. கற்றாழையை மறுபடி நட்டுவிட்டேன், கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. இனி யார் நம் ஆள் என்று பார்க்க வேண்டும். தொட்டுப் பார்க்கலாம் என்றால், என் பெருவிரல் அப்போதுதான் தேறியிருந்தது. நர்ஸம்மாவைத் தொடச் சொன்னேன். "ஒரு தடவ சொல்லித் தப்பாப் போச்சு. இனிமே நான் எதையும் தொட்டுச் சொல்றதா இல்ல" என்று கையைக் கட்டிக்கொண்டார்கள். அதனால் என் தொழில் முறைக்கே வந்தேன். ஸ்டாண்டில் ஒரு வண்டிக்கு இரண்டு பேர் சொந்தம் கொண்டாடினால் நான் சண்டை பிடிக்க மாட்டேன், பூட்டைத் திற என்பேன். திறக்கிறவனுடையது வண்டி. அந்தக் கணக்குப்படி, கழுவின ஓட்டைத் தொட்டியில் இருந்தவர் முன்னால் வைத்தேன். நேரே வந்தார். முன்காலால் தடவினார். தலைமாட்டிலிருந்து ஆரம்பித்துத் தின்றார். தன் சாவுக்குத் தானே வந்து, தன் பிணத்தைத் தானே தின்று, மீசையைத் துடைத்துக்கொண்டு போனார். சொந்தக்காரனைத் தவிர வேறு யார் இவ்வளவு உரிமையோடு தின்பார்கள்? முடித்த கையோடு கூழாங்கல்லையும் சுமக்க ஆரம்பித்தார். சந்தேகமே இல்லை. டப்பில் இருந்தவரைப் பையில் போட்டுக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் வாங்கி ஒரு தொட்டியில் விட்டார்.

ஆகவே இன்றைய நிலைமை: தொட்டியில் நம் கொத்தனார், உங்கள் அசல் கொத்தனார், சட்டை மாற்றிக்கொண்டு முழுக் கொடுக்கோடு நலம். சின்ன மீன்கள் மேலே நலம். புதுமாப்பிள்ளை சமையலறை அலமாரியில் நலம். நத்தையைப் பற்றி முன்பே சொல்லிவிட்டேன். எல்லாம் பார்த்தால் சேதாரம் என்று சொல்ல ஒன்றுமில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது என் விஷயம். கடைக்காரர் கடைசியாக ஒரு வார்த்தை சொன்னார், அதை நீங்களே முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டி கழுவும்போது என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள், அன்றைக்குக் கட்டம் போட்ட லுங்கி கட்டியிருந்தீர்கள். "இது தனியா இருக்கிற பிராணி. துணைக்குன்னு ஆள விட்டா இதுக்கும் நிம்மதி இல்ல, வர்றவனுக்கும் நிம்மதி இல்ல." அதைத் தனியாக வைத்தால் யாரும் ஐயோ பாவம் என்று சொல்வதில்லை. ஒண்டிக்கொள்ள ஒரு இடம், நேரத்துக்குத் தீனி, தலைக்கு மேல் ஒரு மூடி இருந்தால் அதற்குப் போதும் என்கிறீர்கள். என் வீட்டில் இந்த மூன்றும் இருக்கிறது. மூடி ஒரு ஓரத்தில் ஒழுகும். வேளைக்கு மணியடித்து, வரிசையில் உட்காரவைத்து, பக்கத்துக் கட்டிலில் இருமுகிறவரைத் துணை என்று சொல்லுகிற இடம் எனக்குச் சரிப்படாது. யாரையும் கடித்துவிடுவேன் என்று சொல்லவில்லை. ஆனால் என் கூழாங்கல்லை என் இஷ்டத்துக்கு ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மாற்றிக்கொண்டிருக்க விடுங்கள். ஆள் அசையாமல் கிடந்தால் மகள் உடனே முடிவுகட்ட வேண்டாம் என்றும் சொல்லவும், சட்டை மாற்றிக்கொண்டிருப்பேன். நீங்கள் கொடுத்த வாக்கை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நான் மறக்கவில்லை.

நீங்களும் மகளும் தலைவலி காய்ச்சல் அண்டாமல், போன காரியம் கைகூடி, நல்ல பேரோடு வீடு திரும்பி, நினைத்ததெல்லாம் நடந்து நிறைவாக இருக்க வேண்டும் என்று மனமார வாழ்த்துகிறேன். உங்கள் தாய் தகப்பனாருக்கு என் வணக்கத்தைத் தெரிவிக்கவும். மகளுக்கு என் ஆசி. மாத்திரை போட்டேன் என்றும் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள மாமனார்
(இடது கைப் பெருவிரல் ரேகை. வலது கை விரலில் இன்னும் மீன் மருந்தின் நீலம் போகவில்லை.)

பின்குறிப்பு: நர்ஸம்மா உறையை ஒட்டப் போகும் நேரத்தில் வாசல் மணி அடித்தது. திறந்தால் மீன் கடைக்காரர். ஒரு காலில் ஷூ இருந்தது, இன்னொன்று கையில் இருந்தது. "பெரியவரே, நீங்க திருப்பிக் குடுத்தது என் ஷூவுக்குள்ள வந்து படுத்திருக்கு. கடையில வளர்ந்தது எதுக்கும் இந்தப் பழக்கம் கெடையாது. இது உங்க வீட்டுப் பழக்கம்" என்று சொல்லி, ஷூவோடு நீட்டினார். எட்டிப் பார்த்தேன். வாலைச் சுருட்டிக்கொண்டு, நம் வீட்டில் படுத்த அதே மாதிரி. ஆனால் தொட்டியில் இருப்பவர் இந்த நிமிஷமும் கூழாங்கல் சுமந்துகொண்டிருக்கிறார். நம் ஆளுக்கு இரண்டு பழக்கமும் உண்டு. கடைக்காரர் இரண்டு பேரையும் தொட்டுப் பார்த்தார். இப்போது இருவருக்கும் ஒரே மாதிரி கெட்டியாக இருக்கிறதாம். ஆகவே, மேலே நம் கொத்தனார், அசல் கொத்தனார் என்று எழுதியிருக்கும் இடங்களில் எல்லாம் ஒரு கொத்தனார் என்று மாற்றிப் படிக்கவும். ஷூக்காரர் இப்போது டப்பில் இருக்கிறார். ஒரு தொட்டிக்கு ஒன்று என்பதால் இந்த வீட்டில் இரண்டு பேரையும் வைத்துக்கொள்ள முடியாது. என் வீட்டுப் பின்பக்கத்தில் சிமெண்டுத் தொட்டி ஒன்று காலியாகக் கிடக்கிறது. வந்ததும் முதல் காரியமாகப் பீரோவைத் திறந்து சாவியை எடுத்துவிடுங்கள், ஒருத்தரை அங்கே அழைத்துப் போய்ப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். உங்களுடையது எது என்று நீங்களே பார்த்து எடுத்துக்கொள்ளலாம், மிச்சம் இருப்பவர் என்னோடு வருவார். எது என்று உங்களுக்குத் தெரியாமல் போனாலும் பரவாயில்லை மாப்பிள்ளை. உங்களுக்கு ஞாபக மறதி என்று நான் மகளிடம் சொல்ல மாட்டேன்.